இரையாத பெட்டி வேண்டாம்

அத்தியாயம் எட்டு

கஜீவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்குக் கிடைத்த ஒரே சாட்சி, ஒரு மூச்சுக்குள் முடிந்துவிடும் குரல் பதிவு. பாலேஸ்வரி தன் கைத்தொலைபேசியை மேசைமேல் வைத்து அதை மறுபடியும் ஓடவிட்டார்.

"…பி, குமிழ் எரியிற அம்ப் ஒண்டு தேடுறன். புளூஸ் வாசிக்க. கொஞ்சம் றொக்கும் வாசிக்கக்கூடிய மாதிரி. இருந்தால் ஒருக்காச் சொல்லுங்கோ."

தாழ்ந்த, கெஞ்சுகிற குரல். அதற்குப் பின்னால் ஒரு ரயில் கடந்துபோகும் சத்தம்.

"என்ர பிள்ளை," என்றார் பாலேஸ்வரி. "ரயில் கேக்குதெல்லோ? வெள்ளவத்தையிலதான் எங்கேயோ ஒளிச்சு நிக்கிறான்."

சுபோதினி கைத்தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவளுக்கும் அது கஜீவனாக இருக்கவேண்டும் போலிருந்தது. அதனாலேயே தன் காதை அவள் நம்பவில்லை. முன்பு ஒரு காப்புறுதிக் கம்பனியில், செத்ததாகப் பதிவான ஆட்கள் உண்மையிலேயே செத்துப்போனார்களா என்று பார்ப்பது அவளுடைய வேலை. இப்போது காலி வீதியில் ஒரு தையல்கடைக்கு மேலே அறை எடுத்து, தகவல் இல்லாமல் போனவர்களைத் தேடுகிறாள். இரண்டும் ஒரே வேலைதான் என்பான் அவளுடைய உதவியாளன் ஹியூபேட். அப்போது ஆள் உயிரோடு இருந்தால் கம்பனிக்குச் சந்தோஷம், இப்போது வீட்டுக்குச் சந்தோஷம்.

கஜீவன் களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் மூலம் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டு இரண்டு வருடங்கள் ஆகின்றன. ஏதோ ஒரு நாட்டு எல்லைக் காட்டிலிருந்து எடுத்த அழைப்புத்தான் கடைசி. நாளைக்கு ஆறு கடக்கப்போகிறோம் என்று சொல்லியிருந்தான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சுபோதினி தட்டிய கதவுகள் எல்லாம் மரியாதையாகத் திறந்து மரியாதையாக மூடிக்கொண்டன. நேற்று மாலைதான் கஜீவனோடு சேர்ந்து கிற்றார் வாசித்த மிதுஷன், தெஹிவளையில் ஒரு வாத்தியம் திருத்துகிற கடைக்கு வந்திருந்த இந்தப் பதிவைக் கேட்டு, பிரதி வாங்கிக்கொண்டு பாலேஸ்வரியிடம் ஓடி வந்திருக்கிறான். அனுப்பியவரின் இலக்கம் புதியது, படம் இல்லை. திரும்ப எடுத்தால் யாரும் பேசுவதில்லை.

"குமிழ்னு யாரும் சொல்ல மாட்டாங்களே," என்றான் கதவில் சாய்ந்து நின்ற ஹியூபேட். கொட்டாஞ்சேனைக் கலியாண வீடுகளில் ஒரு காலம் பேஸ் கிற்றார் வாசித்தவன், இப்போது ஓட்டோ ஓட்டுகிறான். "உள்ள எரியிற கண்ணாடிக் குழாய வால்வ்னு சொல்லுவாங்க, டியூப்னு சொல்லுவாங்க. குமிழ் வாங்குறதுன்னா லைட் கடைக்குத்தான் போகணும்."

அதுதான் அடையாளம் என்றார் பாலேஸ்வரி. வெளிநாடு போகிற யாரோ விட்டுப்போன பழைய கிற்றார் அம்ப்ளிபயர் ஒன்றைக் கஜீவன் வாங்கி வந்த அன்று, அவருடைய கணவர் நாகேந்திரம் பெட்டியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, இதென்ன உள்ளுக்கு மின்குமிழ் எரியுது, வீட்டைக் கொளுத்தப் போறியோ என்று கேட்டாராம். அன்றிலிருந்து கஜீவன் நக்கலாக அதைக் குமிழ்ப் பெட்டி என்றே சொன்னான். அந்தச் சொல் அந்த வீட்டின் சுவர்களுக்கு வெளியே போனதில்லை.

"அப்ப மூண்டு பேருக்குத் தெரியும்," என்றாள் சுபோதினி.

"இவரை விடுங்கோ. இவர் அந்தப் பெட்டிக்குப் பரம எதிரி. ஒவ்வொரு பின்னேரமும் கதவுக்கு இங்கால நிண்டு, நிப்பாட்டச் சொல்லு எண்டு எனக்குத்தான் சொல்லுவார். நான் இருக்கட்டும் விடுங்கோ எண்டுவன். பிள்ளை பிளேன் ஏறின அடுத்த நாளே அதைத் தூக்கிப் பழைய போத்தல் பேப்பர் எடுக்கிறவனுக்குக் குடுத்தவர்." பாலேஸ்வரி, தகப்பனுக்கும் மகனுக்கும் ஒத்துப்போனது குரல் ஒன்றுதான் என்றார். கனடாவிலிருந்து எடுக்கிறவர்கள் தொலைபேசியில் இருவரையும் மாற்றி மாற்றிக் குழம்புவார்களாம்.

ஹியூபேட் பதிவை இன்னொரு தடவை ஓடவிட்டான். "மிஸ், முதல்ல ஒரு 'பி' விழுகுதே. என்னா அது? பேபியா, ஹெப்பியா?"

பாலேஸ்வரிக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. எழுந்து தன் சந்தைப் பையை எடுத்துக்கொண்டார். பைக்குள் வாழையிலைச் சுருளின் கீழே காத்தோட்டிக்காய் தெரிந்தது. கசக்கிற காய். இன்றைப்போல, வருடத்தில் ஆடி அமாவாசையன்றுதான் வெள்ளவத்தைச் சந்தையில் அதைக் குவித்து விற்பார்கள். தகப்பனை இழந்தவர் விரதம் இருக்கிற வீடுகளில் அது இல்லாமல் சமையல் இல்லை. நாகேந்திரம் தன் தகப்பனுக்காக விடியவே முகத்துவாரக் கடலுக்குப் போய்விட்டாராம். அவர் வருவதற்குள் சமைத்துப் படைக்க வேண்டும்.

பாலேஸ்வரி தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். சுபோதினி அவரை அப்படிப் பார்த்ததில்லை. படியில் இறங்கப் போனவர் திரும்பினார்.

"கண்டால் சொல்லுங்கோ பிள்ளை. அப்பா ஒண்டும் கேக்கமாட்டார் எண்டு. ஏன் திரும்பி வந்தனி எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். சோறு இருக்கு எண்டு சொல்லுங்கோ."

*

தெஹிவளையில் வாத்தியம் திருத்துகிற ஸவாஹிரின் கடை ஒரு கராஜின் பாதி. மற்றப் பாதியில் யாரோ மோட்டார் சைக்கிள்களுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஸவாஹிர் நாற்பதைத் தாண்டிய, தாடி நரைத்த மனிதர். ஹியூபேட் அவரை, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல, நானா என்று கூப்பிட்டு ஒரு பழைய கலியாண வீட்டுக் கதையைத் தொடங்கி அவரைச் சிரிக்க வைத்தான். சிரிப்பு அடங்குமுன்பே சுபோதினி அந்தக் குரலைப் பற்றிக் கேட்டாள்.

ஸவாஹிருக்கு அந்த வாடிக்கையாளர்மேல் கோபம் இருந்தது. பதிவைக் கேட்டதும் தன்னிடம் வால்வ் அம்ப் ஒன்று இருப்பதாகப் பதில் போட்டிருக்கிறார். உடனே அழைப்பு வந்தது. நல்ல வியாபாரி செய்வதுபோல அவரும் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். புளூஸ் இசைக்குப் பெரிய சக்தி தேவையில்லை. சின்ன வால்வ் அம்பைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டால் ஒலி அழகாக உடையும்; அந்த உடைசல்தான் புளூஸ். றொக்குக்கு அதையே இன்னும் தள்ள வேண்டும். ட்ரான்சிஸ்டர் பெட்டி சுத்தமாக ஒலிக்கும், ஆனால் தள்ளினால் உடையாது, கிழியும். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று போதும். பொத்தானைத் திருகத் திருக நூறு விதமான சத்தம் வருகிறது என்று காட்டுகிற பெட்டிகளில் ஏமாறக்கூடாது.

"எங்க ஊர்ல அம்ப் பாக்குறதுக்கு ஒரே சட்டம்தான் நானா," என்றான் ஹியூபேட். "பக்கத்து வீட்டுக்காரன் கல்லெறிஞ்சா நல்ல அம்ப்."

ஆனால் அந்த ஆள் இதில் எதையும் கேட்கவில்லை என்றார் ஸவாஹிர். எத்தனை வாட் என்று கேட்கவில்லை. வந்து வாசித்துப் பார்க்கட்டுமா என்று கேட்கவில்லை. சுவிச்சைப் போட்டுவிட்டுத் தொலைபேசியை ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னார். கிற்றாரைச் செருக வேண்டாம், ஒன்றும் வாசிக்க வேண்டாம், சும்மா விடுங்கள் என்றார். ஸவாஹிர் அப்படியே செய்தார்.

"கொஞ்சம் நேரம் கேட்டுட்டு, இது இரையேல்லையே, இரையாத பெட்டி வேண்டாம்னு செல்லிட்டாரு. நான் ஒரு கெழம மெனக்கெட்டு அந்த இரைச்சல இல்லாம ஆக்கி ஈக்கிறன். ஒலகத்துல எவன் இரைச்சல் வேணும்னு கேப்பான்?"

தொடர்மாடி வீட்டுக்காரராக்கும் என்று நினைத்து, காதில் மாட்டிக் கேட்கிற வசதி உள்ள புதுப் பெட்டி ஒன்றையும் காட்டியிருக்கிறார். அதுவும் வேண்டாம், சுவருக்கு அங்கால் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. கடைசியில் வெறுத்துப்போய் ஸவாஹிர்தான் அவரைக் கொட்டாஞ்சேனை ஷெல்டனிடம் அனுப்பினார். ஷெல்டனின் சாமான் எல்லாமே இரையும்.

வெளியே வந்து ஓட்டோவில் ஏறியதும் ஹியூபேட் வண்டியை எடுக்காமல் இருந்தான். தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துப் பார்த்தான்.

"மிஸ், வாசிக்கிறவன் வாசிச்சுப் பாக்காம அம்ப் எடுக்க மாட்டான். சேர்ட்ட போட்டுப் பாக்காம எடுப்பான், இத எடுக்க மாட்டான். அந்தப் பக்கம் காட்டுல சரியான குளிரு தானே? பனியில விரல் செத்துப்போகும்னு சொல்லுவாங்க. வாசிக்க ஏலாததாலதான் வீட்டுக்கு வரல்லையோ? வெக்கத்துல?"

நல்ல ஊகம்தான். விரல் போன பிள்ளை என்றாலும் பிள்ளை. சுபோதினி அந்த ஊகத்துக்குள் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தாள். பாலேஸ்வரி அதற்குச் சம்மதிப்பார். இரண்டு கையும் இல்லாமல் வந்தாலும் ஊட்டிவிடுவார்.

பம்பலப்பிட்டியில் கோயிலடி நெரிசலில் வண்டி நின்றது. ஈர வேட்டியோடு மனிதர்கள் வீதியைக் கடந்தார்கள். சுபோதினி கைத்தொலைபேசியில் தன் பெரியப்பா அனுப்பியிருந்த குரல் பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டாள். "…ளை, சுகமோ?" "…தினி, மழையோ அங்க?" பிறகு கஜீவனுடையது என்று நம்பப்பட்ட பதிவை.

"ஹியூபேட், இதைக் கவனிச்சனீங்களோ? வயது போன ஆக்கள் எல்லாம் பொத்தானை அமத்த முன்னமே கதைக்கத் தொடங்கிவிடுவினம். முதல் சொல்லின்ர தலை வெட்டுப்பட்டுத்தான் வந்து சேரும். பெடியள் அந்தப் பிழை விடமாட்டாங்கள்."

ஹியூபேட் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"ஒரு தமிழ் ஆள் கடைக்காரரை எப்பிடிக் கூப்பிடும்? கஜீவன் எண்டால் அண்ணா எண்டிருப்பான். இல்லாட்டிச் சிங்களத்தில அய்யே எண்டிருப்பான். 'பி'யில முடியாது."

பின்னால் நின்ற பஸ் ஹோன் அடித்தது. ஹியூபேட் வண்டியை நகர்த்தினான்.

"தாடி நரச்ச ஸவாஹிர் நானாவையே தம்பின்னு கூப்பிடுறதுன்னா," என்றான் கொள்ளுப்பிட்டி தாண்டியதும், "அந்த ஆளுக்கு எழுபதாவது இருக்கணும். மிஸ், வேற ஏதாவது 'பி' யோசிங்க."

அவளும் யோசித்துக்கொண்டுதான் வந்தாள்.

*

ஷெல்டன் ஜெம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஸ்பீக்கர்கள் வாடகைக்கு விடுகிறவன். பிறந்தநாளோ பெருநாளோ, சத்தம் வேண்டுமென்றால் கொட்டாஞ்சேனையில் அவனிடம்தான் வருவார்கள். ஹியூபேட்டின் பழைய கூட்டாளி. கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

நேற்று அந்த ஆள் எடுத்துத் தொலைபேசியை அம்புக்குக் கிட்டப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். ஷெல்டனிடம் இருந்தது எர்த் கம்பி சரியில்லாத ஒரு கிழட்டு வால்வ் பெட்டி. போட்டவுடன் குளவிக் கூடுபோல இரைந்தது. மறுமுனையில் பேச்சே இல்லை. வெட்டுப்பட்டுவிட்டதோ என்று ஷெல்டன் பார்த்தான். வெகுநேரத்துக்குப் பிறகு, இதுதான் என்று ஒரு சத்தம் வந்தது.

"ஆனா மிஸ், அவருக்கு வீட்டுக்குக் கொண்டுபோக வேணாமாம். இன்னைக்குக் கடலுக்குப் போயிட்டு வருவாராம். கொஞ்சம் நேரம் போட்டுட்டு இங்கயே அதுக்கிட்ட இருப்பாராம். பொறகு யாருக்காவது வித்துருங்கன்னாரு. எனக்கு வெளங்கவே இல்ல."

"கடல்ல குளிச்சிட்டு வந்து புளூஸ் கேக்குற ஆளு," என்றான் ஹியூபேட். "நல்லா வாழுறாரு."

அவன் வேதக்காரன், கிறிஸ்தவன். அவனுக்கு இன்றைய நாள் வெறும் வெள்ளிக்கிழமை. சுபோதினி மூலையில் கிடந்த ஒரு ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். இன்று கடலுக்குப் போகிறவர்கள் எதற்காகப் போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். செத்தவர்களுக்காகப் போகிறார்கள். செத்தவர்களுக்குப் பிடித்ததை முன்னால் வைத்துப் படைக்கிறார்கள். சுருட்டுக் குடித்தவருக்குச் சுருட்டு, வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலை.

அவளுக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. வருகிறவரைப் பார்க்காமலே போனால், வெள்ளவத்தையில் ஒரு பெண்ணுக்கு இன்று பின்னேரம்வரைக்கும் மகன் இருப்பான். நாளை இன்னொரு காரணம் கண்டுபிடிக்கலாம். கம்பனியில் இருந்த காலத்தில் முடிவு தெரிந்ததும் அடுத்த கோப்பை எடுப்பாள். முடிவு யாருடைய வீட்டுக்குப் போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டியிருந்ததில்லை. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்தாலும் அவளுக்குத் தெரிந்தது தெரிந்ததுதான்.

மத்தியானம் சாய்ந்தபோது ஒழுங்கைக்குள் ஒரு மனிதர் நடந்து வந்தார். வேட்டியின் கரை ஈரம். நெற்றியில் காய்ந்த திருநீறு. அவர் முதலில் ஷெல்டனைத்தான் பார்த்தார்.

"தம்பி, அதை ஒருக்காப் போடும்."

வெட்டுப்பட்ட சொல்லுக்குத் தலை கிடைத்துவிட்டது. ஹியூபேட் தரையைப் பார்த்தான்.

நாகேந்திரம் பிறகுதான் சுபோதினியைக் கண்டார். அவளுடைய தேடலில் அவருக்கு ஒருநாளும் விருப்பம் இருந்ததில்லை. ஒரேயொரு தடவை சந்தித்தபோதும் பத்திரிகையைத் தாழ்த்தாமலே பேசினார். இப்போது திடுக்கிடவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து, அம்பின் முன்பக்கத்தில் அல்ல, பின்பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். உள்ளே குமிழ்கள் மெல்லச் சிவந்தன. இரைச்சல் எழுந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்தார். நகம்போல மெல்லிய, முக்கோணமான, ஓரம் தேய்ந்த பிளாஸ்ரிக் துண்டு.

"இது என்னெண்டு எனக்குத் தெரியாது," என்றார். "முதல்ல ஏதோ பொத்தான் எண்டு நினைச்சன்."

"பிக், ஐயா," என்றான் ஹியூபேட் மெதுவாக. "கம்பி தட்டுறது."

இந்த வருடம் சித்திரையில் மன்னார்ப் பெடியன் ஒருவன் அதைக் கொண்டுவந்து கொடுத்தான் என்று நாகேந்திரம் சொன்னார். வெள்ளவத்தை ஸ்டேஷன் வாங்குப் பலகையில் உட்கார்ந்துதான் கதைத்தார்கள். கஜீவனோடு ஒரே கூட்டத்தில் போனவன், பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவன். ஆற்றில் இறங்கும்போது கஜீவன் பின்னால் வந்தான். தண்ணீர் கஜீவனை இழுத்ததை இந்தப் பெடியன் தன் கண்ணால் கண்டான். அக்கரையில் அவர்கள் விடியும்வரை பார்த்திருந்தார்கள். இருவரும் சட்டையை மாற்றிப் போட்டிருந்ததால் கஜீவனுடைய சேர்ட் அந்தப் பெடியனிடம் இருந்தது, அதன் பைக்குள் இது இருந்தது.

"பாலேஸ்வரி அக்காவுக்குச் சொல்லேல்லையோ?" என்றாள் சுபோதினி.

நாகேந்திரம் தலையை அசைத்தார். "அவன் வருவான் எண்டுதான் அவள் எழும்புறாள். அவன் வருவான் எண்டுதான் சாப்பிடுறாள்."

"இண்டைக்கு உங்கட அப்பாவுக்கெண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறியள்."

"அப்பாவுக்குக் கடல்ல செய்திட்டன். பிள்ளைக்குத் தகப்பன் செய்யிற நாள் எண்டு ஒண்டு பஞ்சாங்கத்தில இல்லை. தேடிப் பாத்தன். அப்ப இந்த நாளையே எடுப்பம் எண்டு…"

அவர் கையை அம்பின் பின்பக்கச் சூட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"அவன் என்ன வாசிச்சவன் எண்டு எனக்குத் தெரியாது. புளூஸ், றொக் எண்டு தாயோட கதைப்பான். நான் கதவுக்கு அங்கால. ஆனால் இதைப் போட்டவுடன முதல்ல இந்த இரைச்சல் வரும். அப்ப பிள்ளை வீட்டில நிக்கிறான் எண்டு தெரியும். அதுக்குப் பிறகு வாறதைத்தான் நான் நிப்பாட்டச் சொல்லுறனான். இதை இல்லை."

சுபோதினி தன்னிடம் இருந்த கடைசி விஷயத்தையும் சொல்லவேண்டியிருந்தது. அவர் தெஹிவளைக்கு அனுப்பிய பதிவு மிதுஷன் மூலம் பாலேஸ்வரியிடம் போய்ச் சேர்ந்துவிட்டதென்றும், அது கஜீவனின் குரல் என்று நம்பி அவர் இப்போது சமைத்துக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னாள்.

நாகேந்திரத்தின் முகம் முதலில் மாறவில்லை. பிறகு வாய் ஒருபக்கமாகக் கோணியது. பாலேஸ்வரியிடம் சொல்லவேண்டாம், ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கோ என்று கேட்டார். இலக்கத்தை நிறுத்திவிடுகிறேன் என்றார். பிறகு, அது கேட்கக்கூடாத ஒன்று என்று தனக்கே விளங்கியதுபோல நிறுத்திக்கொண்டார்.

"நான் அவவுக்குப் பொய் சொல்லேலாது. நீங்கள்தான் சொல்லவேணும்."

"எனக்கு வாய் வராது, பிள்ளை."

ஹியூபேட் குனிந்து பிளக்கைக் கழற்றினான். அம்பைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "அப்ப இது சொல்லட்டும் ஐயா," என்றான். அதில் அவனுடைய வழமையான பகிடி எதுவும் இருக்கவில்லை.

*

கதவு அவர்கள் தட்டுமுன்பே திறந்தது. பாலேஸ்வரி கணவரைப் பார்த்தார், சுபோதினியைப் பார்த்தார், ஹியூபேட்டின் கைகளில் இருந்த பெட்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அவர்கள் மூவரையும் விலத்திக்கொண்டு வாசலுக்கு வந்து படிக்கட்டை எட்டிப் பார்த்தார்.

"லிஃப்டிலயோ வாறான்?"

அவர்கள் உள்ளே வந்த பிறகும் அவர் கதவை மூடாமல் விட்டார்.

கூடத்தில் நாகேந்திரத்தின் தகப்பனுடைய படத்துக்கு முன்னால் ஒரு வாழையிலை விரித்துச் சோறும் கறிகளும் படைத்திருந்தது. நாகேந்திரம் அதைத் தாண்டிப் போய், ஹியூபேட்டிடமிருந்து பெட்டியை வாங்கி, மகனுடைய அறைக்குள் வைத்து, பிளக்கைச் செருகினார். வெளியே வந்து கதவைச் சாத்தினார். கையிலிருந்த பிக்கை மேசையில் வைத்துவிட்டு, பழக்கப்பட்ட தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அங்காலிருந்து இரைச்சல் எழுந்தது.

பாலேஸ்வரி கையில் அகப்பையோடு நின்றார். இரைச்சலுக்குப் பிறகு வரவேண்டியதற்காக அவர் காத்திருப்பதைச் சுபோதினி பார்த்தாள். கழுத்து சற்றுச் சாய்ந்திருந்தது. ஒரு கம்பி, ஒரேயொரு கம்பி தட்டுப்பட்டால் போதும். ஒன்றும் தட்டுப்படவில்லை. கடற்கரைப் பாதையில் ஒரு ரயில் போனது. அதன் சத்தம் போன பிறகும் இரைச்சல் மட்டும் இருந்தது.

"தம்பி எண்டுதான் தொடங்கினனான்," என்றார் நாகேந்திரம். "பதிவில முதல் சொல் விழேல்லைப் போல."

பாலேஸ்வரி அகப்பையைத் தாழ்த்தினார்.

"அது உங்கட குரலோ?" என்றார். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "நீங்கள் அப்பிடிக் கெஞ்சிக் கேட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை."

மேசைக்குப் போய் அந்தப் பிக்கை எடுத்தார். அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எத்தனை தடவை உடுப்புத் தோய்க்கும்போது சட்டைப்பைகளிலிருந்து எடுத்து வைத்திருப்பார். ஓரம் தேய்ந்த பக்கத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். எப்ப என்று கேட்டார். சித்திரை என்றார் நாகேந்திரம். அதில் கேள்விப்பட்டது எப்ப, நடந்தது எப்ப என்று பாலேஸ்வரி பிரித்துக் கேட்கவில்லை.

"நிப்பாட்டுங்கோ அதை."

நாகேந்திரம் நாற்காலியின் கைகளைப் பிடித்தார். எழும்ப முயன்றார். ஒவ்வொரு பின்னேரமும் அந்தச் சொல்லைச் சொன்னவருக்கு இப்போது எழும்ப முடியவில்லை.

சுபோதினி போனாள். அறைக்குள் கட்டில் விரித்திருந்தது, புதிதாகத் தோய்த்த தலையணை உறை. சுவிச்சை அணைத்தாள். சத்தம் தேய்ந்து போயிற்று. பெட்டியின் பின்னால் குமிழ்கள் உடனே அணையவில்லை. கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு வெகுநேரம் அதற்குள் கிடந்தது. அது முற்றாகப் போகும்வரை அவள் நின்றாள். வெளியே போவதைத் தள்ளிப்போடுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் கூடத்துக்கு வந்தபோது வாசல் கதவு சாத்தியிருந்தது. பாலேஸ்வரி இன்னொரு வாழையிலையைக் கழுவிக்கொண்டு வந்து, மாமனாருடைய இலைக்குப் பக்கத்தில் விரித்தார். இலை நுனியைச் சரியான பக்கம் திருப்பினார். சோறு போட்டார். பருப்பு, பூசணி, வாழைக்காய், பாயசம். காத்தோட்டிக்காய்ச் சட்டியைத் திறந்தவர் அகப்பையைப் பாதியில் நிறுத்தி, திரும்பவும் மூடினார்.

"அவனுக்குக் கைப்பு ஏலாது," என்றார்.